மறதிக்கு டியூஷன்

1

போன வெள்ளிக்கிழமை சிவகாசியிலிருந்து என் மச்சினன் ஜமால் போனில் கூப்பிட்டான். என் மனைவி மைமூனின் தம்பி. பட்டாசு டப்பாக்களுக்கு லேபிள் அச்சடிக்கிற பிரஸ் வைத்திருக்கிறான். சீசன் முடிந்து மிஷின்கள் ஓய்ந்திருக்கிற மாதங்களில்தான் உலகச் செய்திகள் அவன் கண்ணில் படும்.

"மச்சான், மறதி வியாதிக்கு அங்கன மருந்து கண்டுபுடிச்சிட்டாகளாம்ல. பேப்பர்ல போட்ருக்கு. அக்காவுக்கு வாங்கிட்டீகளா?"

"ஏலே, விக்கிற மருந்து ஒங்க அக்காவுக்கு ஒத்துக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இன்னொரு புது மருந்து இருக்கு. அது இன்னும் கடைக்கு வரலை. ஆராய்ச்சியில இருக்கு."

"கடையில இல்லைன்னா கம்பெனியில கேளுங்க. ரெண்டு பாட்டிலாச் சொல்லுங்க. பெரியத்தாவும் இங்கன சொந்த மகனப் பாத்து 'தம்பி எந்த ஊரு'ன்னு கேக்குறாக."

புகை குறைந்த பசுமைப் பட்டாசை உதாரணமாகச் சொல்லி விளக்கப் பார்த்தேன். "புது ஃபார்முலாவுக்கு சாம்பிள் அனுப்பி, லேப்ல சரின்னு சொன்னப்புறம்தான நீ லேபிள் அடிக்கிற?"

"ஆமா. அதுக்குள்ள பாதி சீசன் போயிரும்."

"இங்க பாதி ஆயுசு போயிரும்."

பிறகு, "சரி மச்சான், ஒரு பாட்டிலாவது பாருங்க" என்றான்.

ஜமாலைப் போல ஊரில் இன்னும் பலர் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் இருக்கிறவனுக்கு எல்லாம் கைக்கெட்டும் என்று நினைக்கிறீர்கள். மைமூனுக்கு அந்த ஆராய்ச்சியில் இடம் கிடைக்குமா என்பது ஜமால் கூப்பிட்ட அன்று எனக்கே தெரியாது. அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

2

நான் விருதுநகரில் முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியார். மாலையில் வீட்டில் ப்ளஸ் டூ டியூஷன். தேர்ச்சி விகிதத்தை மழையளவு மாதிரி விசாரித்துக்கொள்கிற மாவட்டம் எங்களுடையது. பையனைப் பாஸ் பண்ண வைப்பதுதான் அங்கே முதல் தொழில், பட்டாசெல்லாம் அடுத்ததுதான் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வோம். பாஸான பிள்ளைகள் பருப்பு மூட்டை மாதிரி வெளியூருக்கு லோடு ஏறினார்கள். என் மகன் ரபீக்கும் ஏறினான். அவன் பின்னால் நானும் மைமூனும் பாஸ்டன் பக்கத்துச் சிறிய ஊர் ஒன்றுக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது.

எதையும் எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். பேருந்தில் ஏறினால் தலைகளை எண்ணுவேன், வீட்டில் பாதாமை எண்ணிப் போடுவேன். "எண்ணுனது போதும், திங்க விடுங்க" என்பாள் மைமூன்.

அவள் மறதி முதலில் தெரிந்தது நோன்புக் கஞ்சியில். இங்கே நம் ஊர்க் கஞ்சி காய்ச்சத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஒவ்வொரு ரமலானிலும் ஒரு சனிக்கிழமை பள்ளிவாசலுக்கு அவள் கஞ்சி போகும். மூன்று வருடத்துக்கு முன்பு அந்தக் கஞ்சியில் வெந்தயத்தை மூன்று முறை போட்டிருக்கிறாள். கசப்பு நாக்கைச் சுருட்டியது. நாற்பத்திரண்டு பேர் குடித்தார்கள், ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. கேரளத்துக்காரர் ஒருவர் இரண்டாவது கோப்பையும் வாங்கினார். அவருக்காக இன்றுவரை துஆ செய்கிறேன். மைமூன் வீட்டுக்கு வந்து காலிப் பானையைக் கழுவும்போது அடியில் ஒட்டியதை ருசி பார்த்தாள். என்னிடம் திரும்பி, "என்னங்க, எல்லாரும் பொய் சொல்லிட்டாகளா?" என்றாள்.

அடுத்த வாரமே டாக்டரிடம் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். அல்சைமர், ஆரம்ப நிலை. அதுவரை "அம்மாவுக்கு வயசாகுது, விடுங்க அத்தா" என்று சொல்லிக்கொண்டிருந்த ரபீக், காரில் எங்களை ஏற்றிவிட்டு வெகுநேரம் வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தான்.

அந்த மருத்துவமனையில்தான் புது மருந்தைப் பற்றிச் சொன்னார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை ஊசி வழியாக ஏற்றுவது. குணமாக்கும் என்று யாரும் சொல்லவில்லை. நோய் முற்றுகிற வேகத்தைக் குறைக்குமா என்றுதான் பார்க்கிறார்கள். சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று ஏற்றுகிற நர்ஸுக்குக்கூடத் தெரியாது. அதில் சேர ஞாபகசக்திச் சோதனை ஒன்று உண்டு. மதிப்பெண் ஒரு எல்லைக்கு மேலே போனால் நோய் போதாது. இன்னொரு எல்லைக்குக் கீழே போனால் நோய் முற்றிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

சோதனை ஆங்கிலத்தில். மைமூன் எட்டாவது வரை படித்தவள், அதுவும் தமிழில். போனில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்தார்கள். மேடைத் தமிழ் பேசினார். "இப்பொழுது நாம் எந்தப் பருவத்தில் இருக்கிறோம், அம்மையாரே?"

"நமக்கு எங்கிட்டுங்க பருவம்? அறுபத்தெட்டு ஆச்சு" என்றாள் மைமூன்.

அதற்கு மதிப்பெண் இல்லை. மற்றக் கேள்விகளும் அப்படித்தான் போயின. கடைசியில் மதிப்பெண் கீழ் எல்லைக்கும் கீழே விழுந்தது. ஸ்கேனில் ஆரம்ப நிலை, ஆங்கிலத்தில் முற்றிய நிலை. சேர்க்க முடியாது என்றுவிட்டார்கள்.

3

இந்த இடத்தில்தான் கவிதா வந்தாள். காரியாபட்டிப் பெண். அப்பா விவசாயி, நிலக்கடலையும் மிளகாயும். அரசுப் பள்ளியில் படித்து, மதுரையில் படித்து, அந்த மருந்தைச் சோதிக்கிற ஆய்வுக்கூடத்தில் டாக்டர் பட்டத்தோடு வேலை பார்க்கிறாள். மைமூனின் தாளைப் பார்த்துவிட்டு அவளே வீடு தேடி வந்தாள்.

"சார், அம்மாவுக்கு மார்க் கொறஞ்சது நோயினால இல்ல. பாஷையினால. தமிழ்ல ஒரு சோதனை தயார் பண்ணிட்டா அம்மா உள்ள வந்துருவாக."

"பண்ண வேண்டியதுதான?"

"அதுலதான் சிக்கல்" என்று சிரித்தாள். காரியாபட்டிக்காரர்கள் மழை பொய்த்ததைச் சொல்லும்போது சிரிக்கிற சிரிப்பு அது.

ஒரு மொழிக்குச் சோதனை தயாரிக்க நிறையச் செலவாகும். இங்கே தமிழ் பேசுகிற முதியவர்கள் குறைவு, செலவுக்குக் கட்டுபடியாகாது என்று மருந்துக் கம்பெனி சொல்லிவிட்டது. சரி, ஆட்கள் நிறைய இருக்கிற மதுரையிலேயே ஆய்வை நடத்தலாம் என்று கவிதா முயன்றாள். ரத்த மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்ப அங்கே அனுமதி மேல் அனுமதி. நோயாளி விவரங்களை வெளிநாட்டோடு பகிர இங்கே புதுக் கெடுபிடி. இரண்டு அரசாங்கமும் ஒன்றை ஒன்று சந்தேகப்பட்டதில் இரண்டு வருடம் போயிற்று. மருந்து இதுவரை பெரும்பாலும் வெள்ளைக்காரர்களிடம்தான் சோதிக்கப்பட்டிருக்கிறது. நம் ஆட்களுக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் சேர்ந்தே இருக்கும். அந்த உடம்புக்கு இது ஒத்துக்கொள்ளுமா என்று யாரும் பார்த்திருக்கவில்லை.

"நாளைக்கு மருந்து கடைக்கு வந்தாலும், நம்மாளுக்குக் குடுக்க டாக்டர் யோசிப்பாரு சார். அதுக்குத்தான் அம்மா மாதிரி ஆளுக உள்ள வரணும்."

கடைசியில் தமிழ்ச் சோதனைக்கு மட்டும் சிறிய அரசு மானியம் ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. மொழிபெயர்க்க ஆள் வைக்க அது போதவில்லை. நான் சும்மாதானே இருக்கிறேன், செய்கிறேன் என்றேன்.

4

சோதனையில் முக்கியமான பகுதி பத்துச் சொற்கள். வாசித்துக் காட்டுவார்கள், திருப்பிச் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்பார்கள். அந்தப் பத்துச் சொற்களைப் பொறுக்க எனக்கும் கவிதாவுக்கும் ஒன்பது வாரம் ஆனது. ரொம்ப எளிதாகவும் இருக்கக்கூடாது, அரிதாகவும் இருக்கக்கூடாது. திருநெல்வேலிக்காரருக்கும் சென்னைக்காரருக்கும் ஒன்றுபோலத் தெரிய வேண்டும். ஒன்றைச் சொன்னால் இன்னொன்று தானாக நினைவுக்கு வரக்கூடாது. நான் "இட்லி" என்று எழுதியதற்கு, "அடுத்து எல்லாரும் சட்னின்னுதான் சார் சொல்லுவாக" என்று அடித்துவிட்டாள்.

அந்தப் பட்டியல் இப்போது செல்லாது. அதனால் இங்கே எழுதலாம். ஏணி, புளி, கடிதம், முழங்கை, சந்தை, மணல், நாற்காலி, பூட்டு, நெருப்பு, தங்கை.

அது ஏன் செல்லாமல் போனது என்பதையும் சொல்ல வேண்டும். மைமூனுக்கு மார்க் பற்றவில்லை என்று மருத்துவமனை சொன்னது. மார்க் பற்றாத பிள்ளையை முப்பத்தொரு வருடம் என்ன செய்தேனோ அதையே செய்தேன். காலையில் அவரைக்காய் நறுக்கும்போது ஒரு தடவை, மாலையில் அஸர் தொழுகை முடிந்து ஒரு தடவை பட்டியலை ஒப்பிக்க வைத்தேன். "ஏணியில ஏறிப் புளி பறிச்சேன், கடிதம் வந்து முழங்கையில் இடிச்சது" என்று மனப்பாடத்துக்கு ஒரு பாட்டே கட்டிவிட்டேன். இது தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. பத்து மார்க் கூட வாங்கினால் நடு எல்லைக்கு வந்துவிடுவாள் என்பதுதான் என் கணக்கு.

மைமூன் அலுத்துக்கொள்ளவில்லை. "கல்யாணமான நாள்லருந்து ஊரான் பிள்ளைக்குத்தான் டியூஷன் எடுத்தீக. இன்னைக்காவது என் பக்கம் திரும்புனீகளே" என்றாள்.

சோதனை நாளில் எனக்கும் உள்ளே உட்கார அனுமதி உண்டு, வாய் திறக்கக்கூடாது. கவிதா தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "அம்மா, இப்ப நான் பத்து வார்த்தை சொல்லப் போறேன். கவனமாக் கேளுங்க" என்றாள்.

"எதுக்குத்தா ஒனக்குச் செரமம்?" என்று மைமூன் நிமிர்ந்து உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டாள். "ஏணி, புளி, கடுதாசி, முழங்கை, சந்தை, மணலு..." எட்டு வந்தது. ஒன்பதாவதுக்குத் திணறி, உதவிக்கு என்னைப் பார்த்தாள்.

கவிதா தாளை மூடினாள். அவளும் எங்கள் மாவட்டம்தானே, ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

"சார். கொஸ்டின் பேப்பர் அவுட்டா?"

நான் தரையைப் பார்த்தேன். தரையில் பன்னிரண்டு ஓடுகள்.

"ஏன் சார் இப்பிடிப் பண்ணீக? காய்ச்சல் பாக்க தெர்மாமீட்டர் வெச்சா, அத எடுத்து ஐஸ் தண்ணியில முக்குன மாதிரி இருக்கு. அம்மா எம்புட்டு மறக்குறாகன்னு பாத்தாத்தான மருந்து வேலை செய்யுதான்னு தெரியும்?"

"அவளுக்கு மார்க் பத்தலைன்னு..."

"மார்க்கே இல்ல சார் இது."

மைமூன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவுகள ஏசாதத்தா. மிச்ச ரெண்டையும் சொல்லிப்புடுறேன், இரு."

5

மைமூனோடு முடிகிற விஷயமாக அது இல்லை. வெளியே கசிந்த பட்டியலை யாருக்கும் பயன்படுத்த முடியாது. கவிதா மேலே எழுதித் தெரிவித்தாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, "மொழிபெயர்ப்பு நிலையில் ரகசியம் காக்கப்படவில்லை" என்று எழுதினாள். புதுப் பட்டியல் தயாரிக்க மூன்று மாத அவகாசம் கிடைத்தது. இந்த முறை என்னிடம் ஒரு சொல்லும் காட்டமாட்டேன் என்றாள். எனக்கும் அதுதான் நிம்மதியாக இருந்தது.

பட்டியலை அவள் முடித்த வாரத்தில் மானியம் நின்றது. தலைநகரில் அரசு மாறியிருந்தது. குறிப்பிட்ட சமூகத்தாரை மட்டும் வைத்து நடக்கிற ஆய்வுகளை எல்லாம் மறுபரிசீலனைக்கு நிறுத்திவைக்கச் சுற்றறிக்கை வந்தது. மருந்துச் சோதனை கம்பெனிப் பணத்தில் தொடரும், தமிழ்ச் சோதனைக்கு மட்டும் காசு கிடையாது. கவிதாவின் விசாவும் அந்த மானியத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டுச் சமையலறையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள். "மருந்துக்கு ஆள் சேக்குறத சீக்கிரம் நிறுத்திருவாக சார். அதுக்குள்ள, நோயில்லாத முப்பது தமிழ்ப் பெரியவங்ககிட்ட இந்தப் புதுப் பட்டியல சோதிச்சுக் காட்டணும். அவுக எம்புட்டு ஞாபகம் வெச்சுக்கிறாகன்னு தெரிஞ்சாத்தான் நோயாளிய அளக்க முடியும். ஆளுகளுக்குக் குடுக்க என்கிட்ட பஸ் காசுகூட இல்ல."

"ஆளுக்கு நான் பொறுப்பு" என்றேன். கெடுத்தவன் நான்தான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

பள்ளிவாசல், கோயில், நூலகம், இந்தியக் கடை எல்லா இடத்திலும் சொல்லிவைத்தேன். முதல் ஞாயிறே நூலகத்து அறை நிறைந்துவிட்டது. ஓய்வுபெற்ற இன்ஜினியர்கள், ஆடிட்டர்கள், வங்கி மேலாளர் ஒருவர். முடித்துவிட்டு வெளியே வந்த ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கேட்ட கேள்வி ஒன்றுதான், "ஒங்களுக்கு எவ்வளவு?" வார்த்தையை வெளியே சொல்லாதிருக்க நான் வாசலில் பறக்கும் படை மாதிரி நின்றேன். வங்கி மேலாளரின் உள்ளங்கையில் பேனா மை இருந்தது. திருப்பி அனுப்பினேன். அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

ஆனால் கவிதா தலையைச் சொறிந்தாள். "எல்லாரும் பட்டதாரியா இருக்காக சார். அம்மா மாதிரி அஞ்சாவது, எட்டாவது படிச்சவுக பாதிக்குப் பாதி வேணும்."

அப்படிப்பட்டவர்கள் நிறையவே இருந்தார்கள், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த அம்மாக்கள். ஒருவரும் வரவில்லை. காரணத்தைத் தாயில்பட்டி ராஜம்மாள்தான் வாய்விட்டுச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் பட்டாசு ஆலையில் திரி வெட்டியவள். மகன் இங்கே சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். நானும் மைமூனும் அவள் வீட்டுக்குப் போனபோது கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே பேசினாள்.

"நான் வரலை சார்வாளு. அதுல பெயிலாப் போனா, கெழவிக்குப் புத்தி பேதலிச்சிருச்சுன்னு மருமக பிள்ளைய என்கிட்ட விடமாட்டா. ஊருக்கு டிக்கெட் போட்ருவாக. அங்கன எனக்கு யாரு இருக்கா?"

நான் விளக்க வாயெடுத்தேன். அதற்குள் மைமூன் என்னை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"இங்க பாரு ராஜம்மா. எனக்கு நெசமாவே அந்தச் சீக்கு. டாக்டரே சொல்லிட்டாரு. என்னைய டிக்கெட் போட்டா அனுப்பிட்டாக?"

ராஜம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பாத்தாத் தெரியலையேக்கா."

"கஞ்சி குடிச்சாத் தெரியும்" என்றாள் மைமூன்.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கதவு முழுசாகத் திறந்தது. மைமூன் தன் நோயை வெளியாள் ஒருவரிடம் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அதை மூன்று வருடமாகப் பள்ளிவாசலில்கூட யாரிடமும் சொல்லாமல் பொத்திவைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு ராஜம்மாள் வந்தாள். கூடவே ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள், தூக்குச்சட்டியில் சேவும் இருந்தது. அதற்கடுத்த ஞாயிறு இன்னும் ஐந்து பேர். பட்டதாரிகளும் மற்றவர்களும் சரிபாதியாகக் கணக்கு நேரானது. கவிதா இரவும் பகலும் உட்கார்ந்து முடித்து அனுப்பினாள். கம்பெனி ஏற்றுக்கொண்டது. ஆள் சேர்ப்பதை நிறுத்த இன்னும் எட்டு நாள்தான் இருந்தது.

6

போன செவ்வாய்க்கிழமை மைமூனுக்கு மறுபடி சோதனை. இந்த முறை என்னை உள்ளே விடவில்லை. வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நான் எதையும் எண்ணவில்லை.

முதல் நாள் இரவு சாப்பிடும்போது, "இந்தத் தடவை ஒண்ணுமே சொல்லித்தரலையே நீக?" என்று கேட்டாள். "வேணாம், தெரிஞ்சதச் சொல்லு" என்றேன். தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு எழுந்துவிட்டாள். நான் கைவிட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பாள்.

உள்ளே கவிதாவின் குரல் மெதுவாகக் கேட்டது. பிறகு மைமூன் எதையோ ஆரம்பிப்பது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அமைதியில் என் மனைவி ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறாள். கதவைத் திறந்து போய் ஏதாவது ஒரு சொல்லை அவள் கையில் வைத்துவிட வேண்டும் என்று இருந்தது. அவள் மறக்க வேண்டும் என்பதற்குத்தான் இத்தனை பேர் உழைத்திருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியும் மனம் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ரெண்டுதாங்க வந்துச்சு. அப்புறம் மறுபடி கேட்டா, அதுவும் வரலை. அந்தப் புள்ளை எம்புட்டுப் பொறுமையா உக்காந்திருந்துச்சு. நான் மரம் மாதிரி முழிச்சேன்."

கவிதா கதவருகே வந்து நின்றாள். நர்ஸும் வேறு சிலரும் நின்றதால் அவளால் அதிகம் பேச முடியவில்லை. முகம் மட்டும் மழை பெய்த காரியாபட்டி மாதிரி இருந்தது. "சார், ரெண்டு எல்லைக்கும் நடுவுல விழுந்துருச்சு. நம்ம பட்டியல்ல உள்ள வந்த மொத ஆளு அம்மாதான். அடுத்த திங்கக்கிழமை மொத ஊசி" என்றாள். அவளுடைய விசாவுக்கு இன்னும் பதில் வரவில்லை. இல்லை என்று வந்தால் அவளுக்காக அவளைவிடச் சத்தமாக அழுவதற்கு எங்கள் வீட்டில் ஆள் இருக்கிறது.

என் வாழ்நாளில் குறைந்த மார்க்குக்காக அல்லாவுக்கு நன்றி சொன்னது அன்றைக்குத்தான். ஏறப்போவது மருந்தா உப்புத் தண்ணீரா என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் முடியாது. இருந்தாலும் உள்ளே போய்விட்டாள்.

மைமூன் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்ன சொல்லுது அந்தப் புள்ளை?"

"ஒன்னையச் சேத்துக்கிட்டாகளாம். திங்கக்கிழமை வரச் சொல்றா."

"நான்தான் ஒண்ணுமே சொல்லலையே. எப்படிச் சேத்தாக?"

"ஒண்ணும் சொல்லாததுக்குத்தான் சேத்துருக்காக."

நான் அவளை ஏமாற்றுகிறேனா என்று என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நல்ல ஊருங்க இது" என்றாள். "நீங்கள்லாம் இங்கன டியூஷன் வெச்சிருந்தா ஒரு பிள்ளை வந்திருக்காது."